அடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை

கல்யாணம் முடிந்து சுன்னாகத்திலிருந்து நுவரெலியாவுக்கு வரும்போது என் மனைவி நான்கு பால்மா டின்களையும் கூடவே கொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணோடு ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று, ஒன்றில் முருங்கைத் தடி, ஒன்றில் மல்லிகைப் பதியம், நான்காவதில் சிவப்புச் செவ்வரத்தை. கண்டிக்கு மேலே பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது தலைசுற்றி வாந்தி எடுத்தாள். அப்போதும் டின்களை மடியிலிருந்து இறக்கவில்லை. அது 2011 மாசி. ஐப்பசி மழை முடிந்தபோது நான்கும் செத்துப் போயிருந்தன.

"குளிர் தாங்கவில்லை, வேறென்ன" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், வீட்டில் அந்த மரியாதை உண்டு. ஆனால் மாமி போனில் விடவில்லை. "குளிரில சாகேல்லைத் தம்பி. தண்ணியில செத்திருக்கும். வேரைக் கிண்டிப் பாருங்கோ."

கிண்டினேன். கறிவேப்பிலையின் வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் மிச்சம். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனி வேர் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் ஊறிய சாக்கின் நாற்றம். முருங்கைத் தடியும் அடியில் அப்படித்தான், அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. நுவரெலியாவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதது, எங்கள் ஊரைப் பார்த்தேயிராத மாமிக்குத் தெரிந்திருந்தது.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. எங்கள் அப்பா முப்பது வருடம் பங்களாத் தோட்டக்காரர். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்புச் சனம் மலை ஏறி வரும் நேரத்தில் துரை பங்களாவில் பூ நிறைந்திருக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. வெட்டிக் குப்பைக்குப் போகிற கிளைகளைச் சாக்கில் கட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குக் கொண்டு வருவார். ஃபுக்சியா, ஜெரேனியம், டேலியா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் எங்கள் வாசலில் பெயர் தெரியாமலே வளர்ந்தன. ஃபுக்சியாவை அம்மா ஜிமிக்கிப் பூ என்பார். அது நம்மூர்ப் பூ என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எங்கே நம்மூர்? ஃபுக்சியா தென்னமெரிக்க மலைக்காட்டுச் செடி. டேலியா மெக்சிகோ மேட்டு நிலம். ஜெரேனியம் தென்னாபிரிக்கா, ஹைட்ரேஞ்சியா ஜப்பான். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஹக்கலைத் தாவரப் பூங்காவே 1861-இல் அந்தீஸ் மலையின் சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், மலேரியாவுக்கான குவினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வரும். தேயிலையும் வந்து சேர்ந்ததுதான். இவற்றையெல்லாம் சொந்தம் கொண்டாடிவிட்டு, ஒரு நாள் பஸ் தூரத்திலிருந்து வந்த கறிவேப்பிலையை அந்நியச் செடியாகப் பார்த்திருக்கிறேன். பெயர் எப்படியும் இருக்கட்டும், செடிக்குத் தேசம் தெரியாது, வெப்பமும் ஈரமும்தான் தெரியும். அந்தக் கணக்கில் எங்கள் வாசலில் உண்மையான வெளிநாட்டவை மனைவியின் நான்கு டின்களும்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 பாகை குறையும். நுவரெலியா நகரம் 1868 மீட்டரில் இருக்கிறது. எங்கள் வீடு நானுஓயாப் பக்கம், கொஞ்சம் கீழே. ஆகச் சுன்னாகத்தைவிட எங்களுக்குச் சுமார் 12 பாகை குறைவு. அங்கே பகலில் 31 என்றால் இங்கே 19. இரவில் 10, 11 என்று போகும், தை மாசியில் இன்னும் இறங்கும். கறிவேப்பிலைக்கு இது சாகிற குளிர் இல்லை. ஆனால் வேலை செய்கிற சூடும் இல்லை. வேர் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிற வேருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் குடிக்க ஆள் இல்லை. மண் அப்படியே நனைந்து கிடக்கும், காற்றுப் புகாது, பூஞ்சணம் வரும். மாமி சொன்னதன் விஞ்ஞானம் இவ்வளவுதான்.

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படித்து நான் ஏமாந்ததும் இங்கேதான். குளிர் பிரதேசம் என்று அவர்கள் எழுதுவது வேறு, நம்முடையது வேறு. அங்கே ஐந்தாறு மாதம் செடி தூங்கும், அப்புறம் நீண்ட பகலோடு கோடை வந்து அதை எழுப்பும். எங்களுக்கு வருடம் முழுக்கக் குளிர், குளிர்காலம் மட்டும் கிடையாது. பகலின் நீளம்கூட ஆனிக்கும் மார்கழிக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வராது. எப்போது தூங்குவது, எப்போது எழும்புவது என்று ஆப்பிள் மரத்துக்குப் பிடிபடாது. நானும் ஒன்று வைத்து எட்டு வருடம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு பை டியூலிப் கிழங்கு கொண்டு வந்தார், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடியோ கிழங்கோ விதையோ கொண்டு வரக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமே இருக்கிறது. ஒரு கிழங்கில் வருகிற நோய் ஒரு மலையின் உருளைக்கிழங்கை முடித்துவிடும். வந்திருந்தாலும் பயனில்லை. டியூலிப் ஒழுங்காகப் பூக்க 12 வாரமாவது 9 பாகைக்குக் கீழே கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு இடம் ஃபிரிட்ஜ் மட்டும்தான், அதில் மீன் இருக்கிறது.

குளிரே கொல்லாதா என்றால், கொல்லும். வருடத்தில் ஐந்தாறு இரவு. தை மாசியில் வானம் கழுவி விட்டமாதிரி இருக்கிற, இலை அசையாத இரவுகளில் உறைபனி விழும். குதிரைப் பந்தயத் திடலில் புல் வெள்ளையாகக் கிடப்பதைப் படம் பிடிக்க ஆட்கள் வருவார்கள். எனக்கு அந்த அழகில் இப்போது ஆர்வம் இல்லை. ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை என் பிகோனியா அத்தனையும் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கின.

அந்த வருடம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வெப்பமானி இரண்டு இரவல் வாங்கினேன். ஒன்றை வளவின் கீழ்க்கோடியில், மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கட்டினேன். இன்னொன்றைக் குசினியின் பின்சுவரில். விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். கான் ஓரத்தில் 2, குசினிச் சுவரில் 9. பத்துப் பேர்ச் வளவுக்குள் ஏழு பாகை வித்தியாசம்! குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தின் வாயில் வேலியோ மதிலோ இருந்தால் இன்னும் தேங்கும். நான் என்ன செய்திருந்தேன்? மென்மையான செடியெல்லாம் காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று அந்தப் பள்ளத்தில்தான் வைத்திருந்தேன். வெப்பமானி ஆள் உயரத்தில் 3, 4 காட்டினாலே தரையில் புல் உறைந்திருக்கலாம் என்பதும் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டது.

உறைபனிக்கு நான் இப்போது செய்வது எளிது. நான்கு குச்சி ஊன்றி அதன்மேல் பழைய சாக்கு, இலையில் படாமல். படுகிற இடத்தில் இலை கருகும். பொழுது சாய முந்தியே போட்டுவிட வேண்டும், மண்ணில் பகல் முழுக்க ஏறிய சூடு போய்விட்ட பிறகு போர்த்துவதில் அர்த்தமில்லை. காலை எட்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பொலித்தீனை மட்டும் நேரடியாகப் போர்த்துவது வேலைக்கு ஆகாது, உள்ளே வியர்த்து அந்த ஈரமே உறையும். அப்புறம், கறுத்த கிளையை உடனே வெட்டக் கூடாது. பார்க்க அசிங்கம்தான், கை துறுதுறுக்கும். பங்குனி வரை பொறுத்தால் எந்தக் கணுவில் உயிர் இருக்கிறது என்று துளிரே காட்டும். முதல் வருடம் அவசரப்பட்டு வெட்டினேன், அடுத்த பனியில் வெட்டின இடத்திலிருந்து கீழே கருகிக்கொண்டே போயிற்று.

ஐந்தாறு இரவுக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். மழையும் மூட்டமும் நூற்றுக்கணக்கான நாள். வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்தால் ஆவணி வரை, அப்புறம் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. இடையில் மழை இல்லாத நாளிலும் மூட்டம் இறங்கி உடுப்பைக் காய விடாது. உடுப்பே காயாத இடத்தில் சாடி மண் எங்கே காயும்? ஒரு கடையில் அழுத்திக் கட்டிய தும்புச்சோறு, அதாவது தேங்காய் மட்டைத் தூள், வாங்கினேன். கொழும்பில் அது நல்ல சாமான், தண்ணீரைப் பிடித்து வைக்கும். இங்கே அதுதான் கெடுதி. மூன்று வாரம் தண்ணீர் ஊற்றாமலே சொதசொதவென்று இருந்தது, மேலே பச்சைப் பாசி.

பல கலவைகளைக் கெடுத்து முடித்துக் கடைசியில் நின்றது இது. ஆற்று மணல் இரண்டு பங்கு, சவுக்கு மரத்தடியில் மக்கிய இலைமண் ஒரு பங்கு, அடுப்புக் கரியைக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்தது ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு கைப்பிடி. தேயிலை மலையின் மண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் வெப்ப நாட்டுச் செடிக்குப் புளிப்பு அதிகம், அமிலகாரச் சுட்டெண் (pH) 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். ஒரு சாடிக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட் சுண்ணாம்புத் தூள் போதும். சாடியின் கீழே தட்டு வைக்கவே கூடாது, இரண்டு செங்கல்லை வைத்து அதன்மேல் தூக்கி வையுங்கள். சாடி கறுப்பாக இருந்தால் நல்லது, வெயில் எட்டிப்பார்க்கிற அந்த இரண்டு மணி நேரத்தில் வேருக்குச் சூடு ஏறும். அளவைவிடப் பெரிய சாடியில் வைக்க வேண்டாம். பெரிய சாடி என்றால் வேர் எட்டாத மண், வேர் எட்டாத மண் என்றால் காயாத மண். தண்ணீரைக் கிழமைக் கணக்கில் ஊற்றுவதில்லை. சாடியைத் தூக்கிப் பார்ப்பேன், இலேசாக இருந்தால்தான் ஊற்றுவது, அதுவும் காலை ஒன்பது பத்து மணிக்கு. பின்னேரம் ஊற்றினால் இரவு முழுக்கச் செடி ஈரச் சட்டையோடு படுத்த மாதிரி.

இந்த ஞானமெல்லாம் வந்தபிறகும் தோற்றேன். மேல் மாகாணத்துக்கு மாறிப்போன ஒரு ஆசிரியை பிரியாவிடைக்கு நான் செய்த உதவிக்காக நல்ல விலையுள்ள வண்டா ஓர்க்கிட் ஒன்று அனுப்பினார், ஊதா நிறம், பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதை எங்கள் இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், தொங்கவிட்டேன். அந்தப் பூ வாடியது, அதோடு சரி. பிறகு உச்சிக் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகி, ஒரு நாள் தொட்டதும் குருத்து கையோடு வந்துவிட்டது. அதே இஸ்தோப்பில் அதே காலத்தில் சிம்பிடியம் ஓர்க்கிட் நான்கு தண்டு எறிந்து இரண்டு மாதம் பூத்தது. வண்டாவுக்கு இரவிலும் சூடு வேண்டும். சிம்பிடியத்துக்கு இரவு 10, 13 பாகைக்கு இறங்கினால்தான் பூக்கவே மனம் வரும். கொழும்பில் அதே சிம்பிடியத்தை வைத்தால் இலைதான் மிஞ்சும். ஆகவே மலைநாட்டில் ஓர்க்கிட் வாங்குகிறவர்கள் பூவைப் பார்க்க முந்தி அது எந்த உயரத்திலிருந்து வந்த இனம் என்று கேளுங்கள். விற்கிறவருக்குத் தெரியாவிட்டால் எங்கே வளர்த்தீர்கள் என்றாவது கேளுங்கள். சிம்பிடியத்தை அடிக்கடி பிரித்து நடவும் வேண்டாம், சாடி வெடிக்கிற அளவுக்கு நெருங்கி இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் பூ முடிந்த பிறகு, மூன்று குமிழுக்குக் குறையாமல்.

சதைப்பற்றுச் செடிகளிலும் இதே கதை. எச்சவேரியா மெக்சிகோவின் உயரமான பாறைகளில் வளர்வது, எங்கள் குளிர் அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் மூட்டம் அதைத் தின்றுவிடும். மேலே மட்டும் தெளிந்த பொலித்தீன் கூரை, நாலு பக்கமும் திறப்பு. அவ்வளவு செய்தால் போதும். பக்கத்தையும் மூடி ஒரு குட்டிக் கண்ணாடி வீடு மாதிரிக் கட்டினேன், உள்ளே சாம்பல் பூஞ்சணம் பஞ்சு மாதிரிப் பூத்தது. சூட்டுக்கு ஆசைப்பட்டுக் காற்றை அடைத்துவிட்டேன்.

முருங்கை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று தடவை வைத்தோம், மூன்றும் இடுப்பு உயரத்தோடு முடிந்தன. விட்டுவிட்டோம். வாழை வந்தது, குலை வரவில்லை, வந்த ஒரு குலையும் விரல் அளவோடு நின்றது. இப்போது இலைக்காக ஒரு மூலையில் நிற்கிறது, ஆடிக்காற்று கிழித்தது போக மிச்சம் சாப்பாட்டுக்கு.

மல்லிகை வீட்டில் சின்னச் சண்டையாகவே ஆயிற்று. மனைவி கொண்டு வந்த குண்டுமல்லி வகை இங்கே இலையோடு நிற்கும், வருடத்துக்கு ஏழெட்டு மொட்டு. அதற்குப் பதிலாக நான் சீனத்து மல்லிகைக் கொடி ஒன்று வாங்கி வேலியில் விட்டேன். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை, குளிர் இரவு வந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். மாசியில் வேலியே தெரியாமல் பூத்தது, கீழ் ரோட்டில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவி ஒரு பிடி பறித்துக் கோர்க்கப் பார்த்தாள். காம்பு நூலைவிட மெல்லியது, கட்டுக்குள் நிற்கவில்லை. "மணக்குது, சரி. ஆனா தலையில வைக்கேலாத பூவை மல்லிகை எண்டு சொல்லாதேங்கோ" என்றாள். அதற்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

தோற்றதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். தானாக வந்தவையும் உண்டு. மரத்தக்காளி அந்தீஸ் மலைக்காரன், எங்கள் உயரம் அதற்குத் தாய்வீடு. விதை போட்டு ஒன்றரை இரண்டு வருடத்தில் சிவந்த முட்டை மாதிரிக் காய் தொங்கும். சுட்டுத் தோலுரித்துப் பச்சைமிளகாய் வைத்து அரைத்தால் ரொட்டிக்கு வேறு எதுவும் தேவையில்லை. வேர் மேலோட்டமாக ஓடும், காற்றுக்குச் சாய்ந்துவிடும், ஆகவே நடுகிற அன்றைக்கே முட்டுக்கொடுங்கள். ஃபுக்சியாவுக்கும் பெரிய வித்தை வேண்டாம். பூ இல்லாத இளங்கிளையில் மூன்று கணு வைத்து வெட்டி, அடிக் கணு மண்ணுக்குள் இருக்கும்படி மணலில் குத்தி, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் வேர் விடும். அப்பா ஜாம் போத்தலைக் கவிழ்ப்பார்.

ஹைட்ரேஞ்சியா எனக்கு வகுப்பறைக்கு உதவுகிறது. ஒரே தாய்ச்செடியின் இரண்டு கிளையை நட்டேன். தேயிலை வேலியோரத்தில் நட்டது பேனா மை மாதிரி நீலம். வீட்டுச் சுவரோரத்தில் நட்டது ரோஸ் நிறம். சுவரின் சீமெந்திலிருந்து மழைத் தண்ணீரோடு சுண்ணாம்பு இறங்கி அந்த முழ அகல மண்ணின் புளிப்பை முறித்திருக்கிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் போகும், பூ நீலமாகும். புளிப்புக் குறைந்தால் அலுமினியம் மண்ணிலேயே அடைபட்டுக் கிடக்கும், பூ ரோஸ். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அமிலம், காரம் சொல்லிக் கொடுக்க இரண்டு பூவைப் பறித்துக்கொண்டு போனால் போதும், அன்றைக்கு யாரும் தூங்குவதில்லை.

இதே சந்தர்ப்பத்தில் மாமியின் மருத்துவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை வெளிறினால் புளித்த மோர் ஊற்றச் சொல்வார். சுன்னாகத்தில் சுண்ணாம்புக்கல்மேல் கிடக்கிற மண், அங்கே இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் அடைபடும், புளிப்பு ஊற்றினால் ஒருவேளை கை கொடுக்கும். எங்கள் மண்ணுக்கு மோர் ஊற்றுவது கடலில் உப்புக் கரைப்பது. இங்கே தை மாதத்தில் இலை வெளிறுவது வேர் குளிர்ந்து கிடப்பதால். மாமியிடம் இதைச் சொல்லவில்லை, மோரை நான் குடித்துவிட்டேன்.

நான் செய்த ஒரு பிழையையும் மறைக்கக் கூடாது. அளவுக்கு மீறிப் பெருகிய காலா லில்லிக் கிழங்குகளை ஒரு தடவை கானில் கொட்டினேன். இரண்டு மழை போனதும் கீழே ஓடைக்கரை நெடுக வெள்ளைப் பூ. பார்க்க அழகு, ஆனால் அங்கே இருந்த பன்னமும் சிறுசெடிகளும் காணோம். ஹோர்ட்டன் சமவெளியில் ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்கிற மஞ்சள் பூ முட்புதர் புல்வெளிக்குள் பரவி, இன்றைக்கும் ஆட்கள் போய்ப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் யாரோ ஆசைப்பட்டு வைத்ததாகத்தான் இருக்கும். குளிரூர்ச் செடி நம் குளிரில் சாவதில்லை, அதுதான் ஆபத்து. வெட்டியதை எரிக்கிறேன், அல்லது கிழங்கை வெயிலில் காயவைத்து அடுப்பில் போடுகிறேன். டேலியாக் கிழங்கைப் பற்றி அந்தக் கவலை எனக்கு இல்லை, அதை முள்ளம்பன்றி பார்த்துக்கொள்கிறது.

இனி கறிவேப்பிலைக்கு வருகிறேன்.

2013-இல் அப்பா எங்களோடு வந்து இருந்தார். நான் இரண்டாவது கன்றை எங்கே வைக்கலாம் என்று வெயில் பார்த்து, நிழல் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இஸ்தோப்பில் சாயத் தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார். "பங்களாவுல அப்படிப் பூக்குதேன்னு எல்லாரும் என்னையப் பாராட்டுனாங்க. எல்லாம் சிம்னிச் செவரு பண்ணுன வேல தம்பி. நம்ம அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?"

குசினியின் பின்சுவரில்தான் எங்கள் விறகடுப்பு. வெப்பமானி 9 காட்டிய அதே சுவர். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு அடுப்பு அணைந்தாலும் செங்கல் விடியும்வரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும், வெளிப்பக்கம் கையை வைத்தால் பசுவின் வயிறு மாதிரி இளஞ்சூடு. மேலே தகரக் கூரை ஒன்றரை அடி நீட்டம், மழை விழாது. மேற்குப் பக்கம் என்பதால் மூட்டம் விலகுகிற நாளில் பின்னேர வெயிலும் உண்டு. சாடியை ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் வைத்தோம். முதல் வருடம் நான்கு இலைக்கொத்து. பூ வந்தபோதெல்லாம் கிள்ளினேன், சக்தி இலைக்குப் போகட்டும் என்று. மூன்றாம் வருடம் தாளிக்க வாரத்தில் இரண்டு தடவை பறிக்க முடிந்தது. மனைவி முதல் தடவை பறித்ததை எண்ணெயில் போடாமல் கையில் கசக்கி மணந்துகொண்டு நின்றாள்.

2018-இல் கேஸ் அடுப்பு வாங்கினோம். புகை இல்லை, சுவர் கறுப்பாகாது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த தையில் கறிவேப்பிலை மஞ்சளாகி இலை கொட்டத் தொடங்கியது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தேன். சாடி மாற்றினேன். வேர் வெள்ளையாக நன்றாகவே இருந்தது. அப்பா அப்போது உயிரோடு இல்லை, கேட்க ஆள் இல்லை. மூன்று வருடம் அது ஒரு தடியும் ஏழெட்டு இலையுமாக நின்றது, நானும் வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

2022-இல் நாட்டில் கேஸ் இல்லாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். சிலிண்டருக்கு வரிசை, வரிசையில் நின்றாலும் சிலிண்டர் இல்லை. மூலையில் கிடந்த விறகடுப்பைத் துடைத்து மூன்று வேளையும் அதில்தான். ஆடி மழை, கூதல், விறகு ஈரம், மனைவிக்குக் கண்ணெல்லாம் எரிச்சல். அந்த நேரத்தில்தான் ஒரு காலை பின்பக்கம் சாம்பல் கொட்டப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். தடியில் ஐந்து இடத்தில் செம்பு நிறத் துளிர். சுவரில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு மூன்று வருடம் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது.

இப்போது கேஸ் தாராளமாகக் கிடைக்கிறது. கறிவேப்பிலை என் உயரத்துக்கு வந்துவிட்டது, அடியிலிருந்து கிளம்பிய குட்டிகளைப் பிரித்து லயத்தில் மூன்று வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோம், மூன்றும் அடுப்புச் சுவரோரம்தான். கார்த்திகை பிறந்தால் பங்குனி வரை எங்கள் வீட்டு இரவுச் சோறு விறகடுப்பில். கேட்கிறவர்களிடம் கேஸ் மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.